இரைச்சல் தட்டில் இல்லை, டேப்பில்

கேள்வி: ஸ்லை ஸ்டோன் தலைமையிலான அமெரிக்க ஃபங்க் இசைக்குழு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ('கலவரம் நடக்கிறது') எல்பி இசைத்தட்டை வாங்கினேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்டது, ஒலிக்கவில்லை. நீளம் 0:00 என்று போட்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு பாட்டே கிடையாது. கலவரமே கூடாது என்பதால்தான் நீளத்தை 0:00 என்று போட்டேன் என்று ஸ்லை பின்னாளில் சொன்னார்.

கேள்வி: அதே ஆல்பம், புதுப் பிரதி. பின்னணியில் 'உஸ்' என்று இரைச்சல், குரலும் மங்கல். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. 1971 நவம்பரில் வெளிவந்தபோதே அது அப்படித்தான் ஒலித்தது. ஸ்லை ஒரே டேப்பில் பதிவதும் அழிப்பதும் மறுபடி பதிவதுமாக இருந்தார், டேப் தேய்ந்துபோனது. இதைப் பழுது என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 'ஃபேமிலி அஃபேர்' பாட்டை இரவில் போட்டுக் கேளுங்கள். டிரம்ஸுக்குப் பதில் ரிதம் மெஷினின் டிக் டிக், பில்லி பிரஸ்டனின் எலெக்ட்ரிக் பியானோ, பக்கத்தில் படுத்துக்கொண்டு முணுமுணுப்பது போல ஸ்லையின் குரல். அமெரிக்காவில் அந்தப் பாட்டும் ஆல்பமும் முதலிடம் பிடித்தன. 1969இல் துள்ளிக்கொண்டு வந்த 'தேங்க் யூ' பாட்டையே வேகம் குறைத்து, இருட்டாக்கி, கடைசியில் வைத்தார். ஃபங்க் என்ற ஆட்ட இசை என்றால் ஆட்டம் மட்டுமல்ல, களைப்பையும் கசப்பையும் அதில் சொல்லலாம் என்று காட்டிய ஆல்பம் இது.

சரி, சோதிப்பது எப்படி? தட்டில் கீறல் இருந்தால் 'டப்' சத்தம் 1.8 விநாடிக்கு ஒருமுறை வரும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரம். டேப் இரைச்சல் சீராக ஓடும், சிடியிலும் கேட்கும்.

கேள்வி: சலுகை விலையில் வாங்கிவிட்டேன். வந்தது எல்பி அல்ல, சிடி.

பதில்: நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே 'சிடி' என்று இருக்கிறது. படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'முதல் பதிப்பு, கீறலே இல்லை' என்றார் விற்றவர். 7,500 ரூபாய் கொடுத்தேன். வந்தது பிற்கால அச்சு, கீறல் வேறு.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. எனக்கும் இதே ஆல்பத்தில் நடந்தது. நட்சத்திரங்களுக்குப் பதில் சூரியன்கள் உள்ள அமெரிக்கக் கொடி, கேஇ 30986 என்ற எண், எல்லாம் உறையில் சரியாக இருந்தன. உள்ளே இருந்த தட்டு பிற்காலத்தது. அன்றிலிருந்து, எந்த அச்சு என்று காட்டும், லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் நான் பணம் கட்டுவதில்லை. உங்களுக்கு விற்றவருடைய விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வைத்துக்கொண்டு, பணம் கட்டிய தளத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பாதிப் பணம் தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.