ஒருவர் கேட்கிறார்: அப்பாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. இப்போதே பவர் பத்திரம் வாங்கிவிட்டால் பின்னால் கவலை இல்லைதானே?

கவலை இருக்கிறது. மறதி முற்றிய பிறகு உதவும் என்றுதானே பவர் கேட்கிறீர்கள்? அப்போதுதான் அது செல்லாமல் போகும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவைப் பாருங்கள்: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும், பவர் வாங்கி அவர் சார்பில் செயல்படும் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் செல்லும்படி எழுதிவைக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நம்மிடம் அப்படி இல்லை.

என் அப்பா நல்ல நினைவோடு இருந்தபோதே எனக்குப் பவர் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். ‘மகள் சொத்தை வளைத்துவிட்டாள்’ என்று அன்றைக்கே பேசினார்கள். பிறகு பக்கவாதம் வந்து, யாரையும் அடையாளம் தெரியாத நிலைக்குப் போய்விட்டார். மருத்துவச் செலவு ஏறியது. சித்தப்பா, “பவர் உன் கையில்தானே இருக்கிறது? மனையை விற்றுக் கட்டு, யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார். பவரை வைத்துக் கிரயம் பதிய, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று வேண்டும். “அண்ணன் உயிரோடுதானே இருக்கிறார், டாக்டர் தந்துவிடுவார்” என்றார். தந்திருப்பார்தான். மூச்சு இருக்கிறது என்று சொல்லும் அந்தத் தாள், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சொல்லாதே! மாட்டேன் என்றேன். உடனே, பெற்றவனுக்குச் செலவழிக்க மனமில்லாதவள் ஆகிவிட்டேன். வளைத்தவளும் நானே, விற்க மறுத்தவளும் நானே.

அப்பா சார்பில் முடிவெடுக்க அம்மாவைக் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் போனோம். கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளரை நியமிப்பது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் நெறிமுறை வகுத்திருப்பதை வக்கீல்தான் எடுத்துக் காட்டினார். உத்தரவு வரத் தாமதமானது. நகையை அடகு வைத்துச் சமாளித்தோம். தினமும் குடும்ப வாட்ஸாப் குழுவில் காலை வணக்கம் அனுப்பும் சித்தப்பாவுக்கு, வழக்குச் செலவு பற்றிக் கேட்ட வாரம் மட்டும் இணையம் வேலை செய்யவில்லை.

நான் வக்கீல் இல்லை. “மறதி என்றாலே சித்தம் கலங்கியதாகிவிடுமா?” என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: ஆகாது. அதனால்தான் கேள்வி கேட்டவருடைய அப்பாவுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்கிறேன். அவர் விருப்பப்பட்டால், என்ன எழுதுகிறோம் என்று அவருக்குப் புரியும்போதே உயிலையும், தெளிவு இருக்கும்வரை மட்டும் உதவும் பவரையும் எழுதட்டும். தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவரிடம் அன்றைய தேதியிட்ட சான்று வாங்கி வையுங்கள். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. கூடப்பிறந்தவர்கள் யாராவது வெளிநாட்டில் இருந்து, அவர்கள் பங்குக்கு உங்களுக்குப் பவர் தருவதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.