உலோகத்தைக் கேட்கும் முன் நீளத்தைக் கேளுங்கள்

நாக்கில் துளையிட்டு அணி போட்டுக்கொள்ளப் போவதாகவும், தங்கம், வெள்ளி, எஃகு ஆகியவற்றில் எது நல்லது, புண் ஆறும்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா முதலில் அழுதுவிட்டு, பிறகு மனமிறங்கி, "போடுவதுதான் போடுகிறாய், தங்கத்திலேயே போடு, உடம்புக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும்" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

எனக்குக் காது குத்தியபோது தோடு செய்துகொடுத்த பத்தரிடமே அம்மா அழைத்துப் போனார். அவர் நாக்கின் தடிமனை நூலால் அளந்து, 22 காரட் தங்கத்தில் 14 மில்லிமீட்டர் நீளக் கம்பி இழுத்து, இரு முனையிலும் மரை வெட்டி, மூக்குத்தித் திருகாணி போலவே இரண்டு குண்டுகளைப் பொருத்திக் கொடுத்தார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காது மடலைப் போன்றதன்று நாக்கு. குத்திய பிறகு மூன்று முதல் ஐந்து நாள் வரை அது நன்றாக வீங்கும் என்பதை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை. அறிந்திருக்க வேண்டிய, துளையிடும் கடைக்காரரோ, நாங்கள் கொண்டுபோன கம்பியை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக் குத்திவிட்டார்.

மூன்றாம் நாள் இரவு கண்ணாடியில் பார்த்தபோது அடிக் குண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. நாக்கின் சதை அதை மூடியிருந்தது. எச்சில் விழுங்கவே முடியாத நிலையில் அப்பா என்னை வண்டியில் வைத்து ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே, நம் பெண்கள் இப்படிச் செய்யலாமா என்ற அறிவுரை அரை மணி நேரம் நடந்தது. வலியோடு வந்தவரிடம் பண்பாடு பேசும் நேரமா அது என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கம்பியை எடுத்துவிட்டார்கள், துளை மூடிக்கொண்டது. பல மாதங்கள் காத்திருந்து, வேறொருவரிடம் முறையாகக் குத்திக்கொண்டேன்.

முதலில் போடும் கம்பி 1.6 மில்லிமீட்டர் தடிமனும், வீக்கத்துக்கு இடம் தரும்படி ஏறத்தாழ 18 முதல் 22 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாக இருக்க வேண்டும். உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியமே முதல் தேர்வு. ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரக்குறியைக் கேட்டு வாங்குங்கள். சர்ஜிகல் ஸ்டீல் என்று விற்கும் எஃகில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் உங்களுக்குக் காது அரிக்குமென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி ஈரத்தில் கறுக்கும், ஆறாத புண்ணுக்கு அது ஆகாது. 22 காரட் தங்கம் மென்மையானது என்பதால் மரை எளிதில் தேய்ந்து குண்டு கழன்றுவிடும். மரை கம்பியின் வெளிப்புறத்தில் இருந்தால் நுழைக்கும்போது புண்ணைக் கீறும். உட்புறம் மரை உள்ளதே நல்லது.

முருகனுக்கு நாக்கில் அலகு குத்திக்கொள்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பாவும் வேண்டுதலுக்கு அலகு குத்தியவர்தான். அலகை அன்றே எடுத்துவிடுகிறார்கள், புண் தானே மூடிக்கொள்கிறது. இதிலோ உலோகம் உள்ளேயே இருக்க, அதைச் சுற்றிப் புண் ஆற வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் செய்ததையும்தான் எழுதுகிறேன். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், 250 மில்லி கொதித்து ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தேன். அதற்கு மேல் உப்புச் சேர்த்தால் புண் எரியுமே தவிர விரைவில் ஆறாது. வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாக வாங்குங்கள். காதுப் புண்ணுக்கு வைக்கும் மஞ்சளையும் எண்ணெயையும் பாட்டி எடுத்து வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். முதல் வாரம் ஐஸ் துண்டு, குளிர்ந்த மோர், தயிர்சாதம் ஆகியவை போதும். மீன் குழம்பும் சூடான காபியும் காத்திருக்கட்டும், புகையும் மதுவும் கூடாது. வெண்மையான நீர் சிறிது கசிவது இயல்பு. காய்ச்சல், சீழ், கழுத்து வரை வீக்கம், மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பலர் கைவிட்டுவிடுவது இதற்கு அடுத்த வேலையைத்தான். வீக்கம் வடிந்ததும், குத்திய நாளிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் நீளக் கம்பியைக் கழற்றி, நாக்கின் அளவுக்குப் பொருந்தும் குட்டைக் கம்பியைக் குத்தியவரிடமே மாற்றிக்கொள்ள வேண்டும். என் தோழி ஒருத்தி மாற்றாமலே ஒரு வருடம் இருந்தாள். கீழ்ப் பல்லில் ஒரு முனை உடைந்ததோடு, முன்பற்களின் பின்புறம் ஈறும் இறங்கிவிட்டது. கம்பியை நீங்களே கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்கப் போகாதீர்கள், புதிய துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். குத்திக்கொள்ளப் புதுச்சேரிக்கு வருவதானால், அன்றே குட்டைக் கம்பிக்கும் சொல்லிவைத்து, மாற்றுவதற்கான நாளையும் குறித்துக்கொண்டு கடலூர் பேருந்தில் ஏறுங்கள்.