‘கீப் போர்ட்லண்ட் வியர்ட்’ என்பது ஆஸ்டினிடம் திருடியதா?

டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினின் ‘கீப் ஆஸ்டின் வியர்ட்’ வாசகம்தான் முதல். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘திருடியது’ என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு ஊரிலும் குடும்பம் நடத்தியவள் நான். ஆஸ்டினில் ஒன்பது வருஷம், 2014இலிருந்து ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டை ஒட்டிய பீவர்டனில். நீங்கள் ஆஸ்டினிலிருந்து போர்ட்லண்டுக்குப் புதிதாக வந்து, ‘கீப் போர்ட்லண்ட் வியர்ட்’ என்ற அந்தப் பெரிய சுவரெழுத்தைப் பார்த்ததும் சுருக்கென்று ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆனது.

2000ஆம் ஆண்டு. ஆஸ்டின் சமுதாயக் கல்லூரியில் நூலகராக இருந்த ரெட் வாசெனிக் என்பவர், உள்ளூர் வானொலி ஒன்றுக்கு நன்கொடை கொடுக்க ஃபோன் செய்தார். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆஸ்டின் ‘வியர்ட்’ ஆகவே இருக்க இது உதவும் என்கிற மாதிரி சொன்னார். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான், ஆனால் அது அவருக்கே பிடித்துப்போனது. அவரும் மனைவி கேரன் பாவெல்காவும் காரில் ஒட்டுகிற ஸ்டிக்கராக அச்சடித்து இலவசமாகவே கொடுத்தார்கள். ‘வியர்ட்’ என்பதை விசித்திரம் என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ‘அவன் ஒரு கிறுக்கன்ப்பா’ என்று செல்லமாகச் சொல்வோமே, அந்தக் கிறுக்குதான் இது. ஊர் கிறுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், திருத்தாதே.

அப்புறம் கடைக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஆறாவது தெருவும் லமார் சாலையும் சந்திக்கும் இடத்தில் புக்பீப்பிள் புத்தகக் கடையும் வாட்டர்லூ ரெகார்ட்ஸ் இசைத்தட்டுக் கடையும் இருந்தன. அவற்றுக்கு எதிரிலேயே, நகராட்சிச் சலுகையோடு வரவிருந்த கட்டடத்தில், நாடு முழுக்கப் புத்தகக் கடைகள் வைத்திருந்த பார்டர்ஸ் நிறுவனம் கடை போடப்போவதாக 2002இல் பேச்சு வந்தது. உள்ளூர்க் கடையில் 100 டாலர் செலவழித்தால் 45 டாலர் ஊருக்குள் தங்கும், பார்டர்ஸில் செலவழித்தால் 13தான் என்று அப்போது ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. இரண்டு கடைகளும் அந்த வாசகத்தோடு தங்கள் பெயரையும் சேர்த்து ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தன. 2003இல் பார்டர்ஸ் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. 2011இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. புக்பீப்பிள் இன்னும் இருக்கிறது.

அந்தக் கடைதான் என்னைக் காப்பாற்றியது. மிகையாகச் சொல்லவில்லை. 2005இல் எச்-4 விசாவில், அதாவது வீட்டுக்காரரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் விசாவில், போய் இறங்கினேன். வேலை பார்க்க அனுமதி கிடையாது, கார் ஓட்டத் தெரியாது. வீட்டுக்காரர் காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். பஸ் பிடித்து அந்தக் கடைக்குப் போவேன். மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் படிப்பேன். ஒரு நாள்கூட ஒருவரும் ‘என்ன வேண்டும்’ என்று வந்து நின்றதில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் முதல் புத்தகம் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் பையோடு சேர்த்து அந்த ஸ்டிக்கரையும் வைத்து, பார்டர்ஸ் கதையைச் சொன்னாள். அன்றைக்கு முதல் தடவையாக இதுவும் நம்ம ஊர்தான் என்று தோன்றியது.

அதனால்தான் பீவர்டனுக்கு வந்த முதல் மாதமே சண்டை பிடித்தேன். எங்கள் கார் பம்பரில் இருந்த அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “எங்க ஊர் வாசகத்தை நீங்களும் எடுத்துக்கிட்டீங்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் நம்பவில்லை. கடைசியில் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மியூசிக் மில்லேனியம் போனேன். அது 1969இலிருந்து நடக்கும் இசைத்தட்டுக் கடை. போர்ட்லண்டுக்கு வாசகத்தைக் கொண்டுவந்தவர் அந்தக் கடை உரிமையாளர் டெரி கரியர்தான் என்று படித்திருந்தேன்.

சண்டை போடத் தயாராகத்தான் போனேன். கல்லாவில் இருந்த இளைஞனிடம் கேட்டேன். அவன், “ஆமாம், ஆஸ்டினிலிருந்து வந்ததுதான். அங்கே உள்ளூர்க் கடைகளுக்கு உதவியது, இங்கேயும் உதவட்டும் என்றுதான் 2003இல் ஆரம்பித்தோம்” என்று சொல்லிவிட்டு, என் ஊர்க் கடைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தான். வாட்டர்லூ பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அதற்கு மேல் எனக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

வாங்கிய இடத்தை ஒளிக்காமல் சொல்லி, அதே காரியத்துக்குப் பயன்படுத்துவது திருட்டு ஆகாது. லூயிவில் ஊர்க் கடைக்காரர்களும் இதையே எடுத்துக்கொண்டார்கள். கொலம்பியா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வான்கூவர் ‘நார்மல்’ ஆகவே இருக்கட்டும் என்று ஸ்டிக்கர் உண்டு, ஆஸ்டினுக்குப் பக்கத்து சான் அன்டோனியோ ‘லேம்’ (சப்பை) ஆகவே இருக்கட்டும் என்றும் உண்டு. பக்கத்து ஊர்களின் செல்லச் சண்டை, இருக்கட்டும். என் வருத்தம் வேறு இடத்தில். வாசெனிக் இலவசமாகக் கொடுத்த வாசகத்தை டி-ஷர்ட்டுக்கும் தொப்பிக்கும் வணிகமுத்திரையாகப் பதிவு செய்தது ஆஸ்டினில் இருந்த ஒரு நிறுவனமேதான். வாசெனிக் 2020இல் இறந்துபோனார். ‘திருட்டு’ என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆகவேண்டும் என்றால் அங்கே வையுங்கள். சட்டப்படி அது சரிதான் என்று யாராவது வருவீர்கள், தெரியும். சட்டப்படி சரியானது எல்லாம் நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தோம். மார்கழி மாதம் தினமும் வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டேன். பதினோராம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். அனுமதி இல்லாமல் நடைபாதையில் குறியீடு வரைந்திருக்கிறேனாம், பத்து நாளில் அகற்றாவிட்டால் அபராதமாம். எறும்பு தின்றுவிடும், மழை வந்தால் போய்விடும் என்று நேரில் போய்ச் சொன்னேன். விதி விதிதான் என்றார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று கார்களில் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எந்த வீட்டிலிருந்தும் ஒருவர்கூட எனக்காக வந்து பேசவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. ஆஸ்டின்காரர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் ஆஸ்டின்காரிதான்.

சரி, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய நகரப் பகுதியில், மூன்றாவது அவென்யூவில் வூடூ டோனட் கடைக்கு எதிர்ச் சுவரில்தான் அந்தப் பெரிய எழுத்து இருக்கிறது. எல்லாரும் அங்கே ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படியே ஆற்றைத் தாண்டி, கிழக்கு பர்ன்சைடு தெருவில் முப்பத்திரண்டாவது அவென்யூவரை போங்கள். மியூசிக் மில்லேனியம் அங்கே இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து வருவதாகச் சொல்லுங்கள். ஒரு இசைத்தட்டாவது காசு கொடுத்து வாங்குங்கள்.