ஆறாயிரம் ரூபாய், இரண்டு பிள்ளைகள், மூன்று நாள் சென்னை

கேள்வி: தென்காசியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. அரையாண்டு விடுமுறையில் அவர்களுக்குச் சென்னையைக் காட்ட ஆசை. ரயில் டிக்கெட் போக ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. ‘அந்தப் பணத்தில் சென்னையில் டீ கூடக் குடிக்க முடியாது’ என்கிறார் என் நாத்தனார். மூன்று நாள் தங்கிப் பார்க்க முடியுமா? தீம் பார்க், மாமல்லபுரம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: முடியும் சகோதரி. டீயும் குடிக்கலாம். தீம் பார்க்கை மட்டும் விட்டுவிடுங்கள்; நுழைவுச்சீட்டு ஒன்றே உங்கள் பணத்தில் பாதியை விழுங்கிவிடும். மாமல்லபுரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சென்னையில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடங்கள் பலவற்றில் கட்டணம் சொற்பம். பணம் கரைவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில்தான். காலையில் வண்டலூர், மதியம் எழும்பூர், மாலையில் கிண்டி என்று ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், நீங்கள் ஆட்டோ பிடிப்பீர்கள், பசியில் கண்ணில் பட்ட ஓட்டலுக்குள் நுழைவீர்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் கிழமையைப் பாருங்கள். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் செவ்வாய் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். புதன் அருங்காட்சியகம், வியாழன் கிண்டி, வெள்ளி வண்டலூர். எதுவும் மூடியிருக்காது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் இந்த மூன்று நாளில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஊரே கடற்கரையில் இருக்கும்.

தங்குவதற்கு எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கென்னட் லேன் வசதி. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவுதான், ஆனால் அவை பெரும்பாலும் தனி ஆண்களுக்கானவை, குடும்பத்துக்கு ஒத்துவராது. முன்பதிவு செய்யும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? நீங்கள் விடியற்காலையில் இறங்குகிறவர்கள். 12 மணிக் கணக்கு விடுதியில் காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால், நண்பகலிலேயே ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். 24 மணி நேரக் கணக்கானால் புதன் காலை முதல் வெள்ளி காலை வரை இரண்டே நாள் வாடகை. வெள்ளிக்கிழமை பகலில் மூட்டை முடிச்சுகளை ரயில் நிலையப் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடலாம். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்கமாட்டார்கள். இரண்டு சின்னப் பூட்டுகளை ஊரிலேயே வாங்கி வாருங்கள்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: தங்க 2,400, சாப்பாடு 1,600, நுழைவுக் கட்டணங்கள் 1,200, போக்குவரத்து 400, மீதி 400 கைச்செலவு. போக்குவரத்துக்கு இது போதுமா என்று கேட்பீர்கள். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குப் பயணம் இலவசம். முன்பக்கம் இளஞ்சிவப்பு நிறம் பூசியிருந்தால் தயங்காமல் ஏறுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட மகளுக்கும் இலவசம், மகனுக்கு அரை டிக்கெட். முழு டிக்கெட் உங்கள் கணவர் ஒருவருக்குத்தான். புறநகர் ரயிலிலும் பிள்ளைகளுக்கு இதே சலுகை உண்டு; குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். பாந்தியன் சாலையில் இருக்கிறது, 1851-இல் தொடங்கப்பட்டது. பெரியவர்கள் நேரே வெண்கலச் சிலைகளுக்குப் போவார்கள், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் விலங்கியல் பகுதியில் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். அதன் கீழே நின்று மகன் விலா எலும்புகளை எண்ணி முடிக்கட்டும். அதற்குப் பிறகு திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நீங்கள் நிம்மதியாக நிற்கலாம்.

மதியம் தூங்க வையுங்கள். அறை வாடகை கொடுத்திருக்கிறீர்கள், அதைப் பகலிலும் பயன்படுத்துங்கள். நான்கு மணிக்கு மேல் எழும்பூரில் புறநகர் ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி, வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலுக்கு மாறுங்கள். பாதை கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டி மாடி உயரத்தில் போகிறது. (நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை.) பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்கும். அடுத்தது திருவல்லிக்கேணி. அங்கே இறங்கி நடந்தால் மெரினா. வழியில் விவேகானந்தர் இல்லத்தைக் காட்டி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டிய வீடு அது என்று சொல்லுங்கள். கப்பலில் ஐஸ் எப்படி உருகாமல் வந்தது என்ற கேள்வியிலேயே கடற்கரை வந்துவிடும்.

பட்ஜெட்டை உடைக்கும் இடம் மெரினா மணல்தான். குதிரை, ராட்டினம், பலூன் சுடுதல், பஞ்சுமிட்டாய், பஜ்ஜி என்று அடிக்கு ஒரு கடை. ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் மாலையும் கெடும். மணலில் கால் வைக்கும் முன்பே ஆளுக்கு ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து, ‘இது உன் பணம், இதற்கு மேல் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். பலூன் சுடுவதா, சோளம் வாங்குவதா என்று உங்கள் மகன் நோட்டை மடித்தும் விரித்தும் கணக்குப் போடுவான். தண்ணீரில் இறக்காதீர்கள், மெரினாவின் அலை கரையிலேயே இழுக்கும், குளிக்கத் தடையும் உண்டு. காணும் பொங்கலன்று காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் கட்டிவிடுவார்கள். மற்ற நாளில் நீங்களே பேனாவால் மணிக்கட்டில் எழுதிவிடுங்கள்.

வியாழன், கிண்டி. எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் கிண்டி, அங்கிருந்து சர்தார் படேல் சாலை வழியாகப் பேருந்து. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் ஒட்டியே இருக்கின்றன. காலையிலேயே போய்விட்டால் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும். வெயில் ஏறியதும் காந்தி மண்டபம் சாலைக்கு வந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் நுழையுங்கள். அனுமதி இலவசம், குளிரூட்டிய கட்டடம், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, அதன் நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம். வெளியூர்க்காரர்கள் இதைச் சுற்றுலா இடமாகவே நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் பொழுதுபோக்குப் பூங்கா எதையும்விட இது மேல். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம்; தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டுக்கு மகள் பயந்தால் உங்களில் ஒருவர் அவளுடன் நூலகத்திலேயே இருந்துவிடலாம். திரும்புவதற்குக் கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில்.

சாப்பாட்டுக்கு, காலை வேளையில் அம்மா உணவகம் பெரும் உதவி. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், மேசை மகளுக்கு எட்டாது, நீங்கள்தான் ஊட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் மெஸ்ஸில் பார்சல் சாப்பாடு வாங்குங்கள். இரண்டு பார்சல் பெரும்பாலும் நால்வருக்குப் போதும். இரவு ஒரு வேளையாவது நல்ல ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். 1,600-க்குள் அதுவும் அடங்கும்.

வெள்ளிக்கிழமை வண்டலூருக்கு நேரடிப் புறநகர் ரயில் உண்டு. மூன்று நாளில் அதிகக் கட்டணம் இங்கேதான். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். நான்கு வயதுக் குழந்தையை நடத்திக் கூட்டிப்போக முடியாது, தூக்கிக்கொண்டும் முடியாது. இங்கே கஞ்சத்தனம் பார்க்காமல் பேட்டரி வாகனத்துக்குப் பணம் கொடுங்கள். 1,200-இல் அதற்கும் இடம் வைத்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கே வெளியே வந்துவிட்டால், அவசரமில்லாமல் எழும்பூர் திரும்பிப் பைகளை எடுத்து ரயிலைப் பிடிக்கலாம்.

மாமல்லபுரம் போக வேண்டுமென்றால் வண்டலூரை விட்டுவிடுங்கள். இரண்டும் இந்தப் பணத்துக்குள் வராது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், பெரியவர்களுக்கு 40 ரூபாய்; பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம், வர அதே அளவு. இரவு ரயிலுக்கு முன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கு இது அதிகம். உங்கள் மகளை இந்த முறை ஒட்டகச்சிவிங்கி பார்க்க அழைத்துப் போங்கள்.