கர்னலில் அந்த வசதி இருக்கிறதா?

கேள்வி: லினக்ஸில் வயர்கார்டு விபிஎன் அமைக்கப் போகிறேன். கர்னலில் (லினக்ஸின் மைய நிரல்) அதற்கு வசதி உண்டா என்று /பூட் அடைவிலுள்ள கான்ஃபிக் கோப்பில் (கர்னல் எந்தெந்த ஆப்ஷன்களோடு உருவானது என்ற பட்டியல்) ‘கிரெப் வயர்கார்டு’ என்ற தேடல் கட்டளை போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. லோட் ஆகியுள்ள மாட்யூல்களை (கர்னலோடு தேவைப்படும்போது சேரும் துண்டு நிரல்கள்) காட்டும் எல்எஸ்மாட் பட்டியலிலும் இல்லை. கர்னலை நானே கம்பைல் செய்ய வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கான்ஃபிக் கோப்பில் ஆப்ஷன் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்கும். சிறிய எழுத்தில் தேடினால் கிரெப்புக்குச் சிக்காது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேட வைக்கும் ‘-ஐ’ (-i) சேர்த்துத் தேடுங்கள்.

அதோடு, சரியான கோப்பைத்தான் திறந்தீர்களா? /பூட்டில் பழையதும் புதியதுமாக இரண்டு மூன்று கிடக்கும். அப்டேட் போட்டுவிட்டு ரீபூட் செய்யாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தான். ‘யூநேம் -ஆர்’ காட்டும் பதிப்பும் கோப்புப் பெயரின் பின்பாதியும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

வரி கிடைத்ததும் அதன் முடிவைப் பாருங்கள். ‘=ஒய்’ என்றால் வசதி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது; எல்எஸ்மாட் தனி மாட்யூல்களை மட்டுமே பட்டியலிடுவதால் இதை ஒருபோதும் காட்டாது. ‘=எம்’ என்றால் தனி மாட்யூல்; லோட் ஆகும்வரை பட்டியலில் வராது. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ‘மாட்புரோப் வயர்கார்டு’ கொடுத்து அதை லோட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். ‘இஸ் நாட் செட்’ என்றிருந்தால் வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள்.

வரியே இல்லாமலும் போகலாம். அந்தப் பதிப்பில் அந்த ஆப்ஷனே இருக்காது, அல்லது அது சார்ந்திருக்கும் வேறொரு ஆப்ஷன் அணைந்திருக்கும். வயர்கார்டு லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது 5.6 பதிப்பில், 2020இல். அதற்கு முந்தைய கர்னலில் டிகேஎம்எஸ் (கர்னலுக்கு வெளியிலுள்ள மாட்யூல்களைக் கம்பைல் செய்து தரும் கருவி) வழியாகத் தனியே நிறுவியிருந்தால் கான்ஃபிக் கோப்புக்கு அது தெரியவே தெரியாது. அதனால் மாட்யூலின் விவரம் காட்டும் ‘மாட்இன்ஃபோ வயர்கார்டு’ என்றும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதுவும் கைவிரித்தால் கம்பைல் செய்வதைவிட, உங்கள் லினக்ஸ் விநியோகம் (உபுண்டு, ஃபெடோரா போன்றது) தரும் புதிய கர்னலுக்கு மாறுவதே நல்லது.

கேள்வி: என் கணினியில் /பூட்டில் கான்ஃபிக் கோப்பே இல்லையே?

பதில்: ‘/ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட்’ இருக்கிறதா பாருங்கள். சுருக்கிய கோப்பு என்பதால் கிரெப்புக்குப் பதில் இசட்கிரெப். ஓடும் கர்னலே தருவது என்பதால் பதிப்புக் குழப்பத்துக்கு இடமில்லை. நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இல்லையென்றால் ‘மாட்புரோப் கான்ஃபிக்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். சில கர்னல்களில் இந்தக் கோப்பைத் தரும் வசதியே மாட்யூலாக இருக்கும். கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்றவை) இருந்து தேடுகிறீர்கள் என்றால் கர்னல் அதை ஓட்டும் கணினியான ஹோஸ்ட்டுடையது. ஹோஸ்ட்டின் /பூட்டில்தான் பார்க்க வேண்டும்.