கிரகணம் இல்லாத வேளையிலும் ஒளி ஏன் ஏறி இறங்குகிறது?

பண்டாரவளையிலிருந்து உயர்தரப் பௌதிகவியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: ஓகஸ்ட் தொடக்கம் ஏ.ஆர். லசேர்ட்டே என்ற கிரகண இரட்டை விண்மீனை, அதாவது ஒன்றையொன்று சுற்றி மாறிமாறி மறைக்கும் இரு விண்மீன்களை, கெமராவால் அளந்து வருகிறேன். ஒன்றையொன்று மறைக்காத வேளையில் ஒளி மாறாதிருக்க வேண்டாமா? எனக்கோ நான்கு சதவீதமளவு ஏறி இறங்குகிறது. கெமரா பழுது, பெரிய தொலைகாட்டி வாங்கினால் சரிவரும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். வரைபைப் பார்க்கத் தெரியாதவர் உங்கள் அப்பாவின் பணப்பையைப் பார்த்துச் சொன்ன மருந்து அது. தொலைகாட்டிப் பெட்டியில் அறுநூறு மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் 150 மடங்கைத் தாண்டினால் மங்கலைத்தான் பெரிதாக்கும். ஒளியை அளக்க உருப்பெருக்கம் தேவையும் இல்லை. தவணைக்குத் தருகிறேன் என்பவர், பழைய கெமராவை எடுத்துக்கொள்கிறேன் என்பவர், ஆய்வறிக்கையையே எழுதித் தருகிறேன் என்று ரியூஷன் வாசலில் நிற்பவர் ஆகிய மூவரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கண்டது பெரும்பாலும் விண்மீன் புள்ளிகள்தான். சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் பிடிக்கிறது. இந்தச் சோடி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால் இரண்டும் இரண்டே நாளில் சுழல்கின்றன. வேகம் கூடினால் காந்தப்புலம் கூடும். குளிர்ந்த, இருண்ட புள்ளிகள் சூரியனில் இருப்பவற்றைவிடப் பன்மடங்கு பெரிதாகப் படரும். புள்ளி நிறைந்த முகம் நம் பக்கம் திரும்பும்போது ஒளி குறைகிறது.

கெமரா குற்றவாளியா என்பதை ஓர் இரவில் அறியலாம். அதே படத்திலுள்ள, ஒளி மாறாத வேறு இரண்டு விண்மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அவற்றின் வித்தியாசம் அசையாவிட்டால் கெமரா சுத்தம்.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் வரைபை நானும் நம்பமாட்டேன். இதன் சுற்றுக்காலம் 1.983 நாள். இரண்டு நாளுக்கு மிக அருகில் இருப்பதால், ஒன்றுவிட்டொரு இரவு சுற்றின் ஏறத்தாழ அதே கட்டம்தான் திரும்ப வரும், வெறும் 24 நிமிடம் முந்தி. இரவுக்கு ஐந்து மணிநேரம் அளந்தாலும் பண்டாரவளையிலிருந்து முழுச் சுற்றையும் பிடிக்க மூன்று மாதமளவு போய்விடும். அதற்குள் புள்ளிகளே இடம் மாறிவிடும். ஓகஸ்ட் முகத்தையும் ஒக்டோபர் முகத்தையும் ஒரே கோட்டில் ஒட்டினால் கிடைப்பது எந்த நாளிலும் இல்லாத ஒரு விண்மீன். ஆகவே மாதத்துக்கு ஒரு நிறம் கொடுத்து வரைபில் குறியுங்கள். வேறொரு நாட்டு அவதானியின் அளவீடு கிடைத்தால் இடைவெளி நிரம்பும்.

இலங்கைக்கு ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி மொறட்டுவையில், நகர வெளிச்சத்துக்குள் இருக்கிறது. இருள் இருக்கும் மலையகத்திலோ பல பாடசாலைகளில் பௌதிகவியல் ஆசிரியரே இல்லை. இதை எத்தனை முறை சொல்வது!

கிரகண நேரம் சில நிமிடம் பிசகினாலும் புதிய கோள் ஒன்று இழுக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். புள்ளிகளும் அந்த வேலையைச் செய்யும். ஆசிரியர் அந்த நான்கு சதவீத ஏற்ற இறக்கத்தைத் திருத்தச் சொன்னால், மேலே சொன்ன இரு விண்மீன் ஒப்பீட்டை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.