இம்ப்ளாண்ட் பல்லுன்னா என்ன? பல்லு செட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் பெருசுங்க நிறைய பேரு போட்டிருக்கறது கழட்டி மாட்டுற செட்டு, ராத்திரி கிளாஸ் தண்ணியில போட்டு வைப்பாங்களே அது. இம்ப்ளாண்ட்னா தாடை எலும்புக்குள்ளயே சின்ன டைட்டானியம் ஸ்க்ரூ ஒண்ண இறக்கி அது மேல பல்ல மாட்டுறது.

ஏன் டைட்டானியம்னா, எலும்பு அத தள்ளிவிடாம அதோட ஒட்டியே வளந்துடும், சுவீடன்ல பிரோனிமார்க்னு ஒருத்தர் 1950கள்ல முயல் எலும்புல வேற எதையோ ஆராயப் போய் இத கண்டாரு, 1965ல மனுசனுக்கு வச்சாரு. ஒட்டுறதுக்கு பொதுவா 3லேருந்து 6 மாசம் ஆகும், அதான் வேலை இழுக்குது, டாக்டர் சும்மா இழுத்தடிக்கல.

பல்லு போன இடத்துல எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். மேட்டுல ரப்பர் மரத்த வேரோட பிடுங்கிட்டா மழைக்கு மண்ணு சரியுதில்ல, அதே கததான். செட்டு ஈறு மேல சும்மா உக்காந்திருக்கும், கரையறத தடுக்காது, அதனாலதான் சில வருசத்துல லூசாகி முறுக்கு கடிச்சா ஆடுது. இம்ப்ளாண்ட் மெல்லுற அழுத்தத்த எலும்புக்கே கொடுக்கறதால கரையறது நல்லாவே குறையும்.

"உலோகந்தானே, சொத்தையாகாது, விளக்க வேணாம்"னு சிலர் சொல்றாங்க, சொத்தை வராதுதான், ஆனா அழுக்கு சேந்தா சுத்தி இருக்கற ஈறு வீங்கி எலும்பும் போயி ஸ்க்ரூவே ஆட ஆரம்பிச்சிடும், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் சுகர் கட்டுல இல்லாதவங்களுக்கும் இன்னும் ஆபத்து லா.